கிரேமாவின் வெள்ளை மாட்டுக்காரன்

டன்காவா ஊரில் கிரேமாவின் வாயில் விழாமல் தப்பியவர்கள் என்று பார்த்தால் இன்னும் பிறக்காத பிள்ளைகள் மட்டும்தான். மேற்கு வாசலுக்கு உட்புறம் வரிசையாக இருந்த அவுரிக்குழிகளில் புளியமரத்தை ஒட்டிய குழி அவனுடையது. முழங்கை வரை நீலமேறிய கைகளோடு, நீண்ட கழியால் சாயத்தைக் கலக்கிக்கொண்டே, போகிறவர் வருகிறவர் ஒவ்வொருவரையும் பிடித்து உரித்துத் தொங்கவிடுவான். தலைப்பாகை கோணலாக இருந்தால் தொலைந்தது. நேராக இருந்தால் அதற்கும் ஒரு பாட்டு வைத்திருப்பான்.

அவன் பாரெபாரிக் குலத்தான். பாட்டன் காலத்தில் போர்னோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நெற்றி நடுவிலிருந்து மூக்கு நுனி வரை இறங்கும், குலக்குறியான ஒற்றைக் கீறலே அதற்கு அத்தாட்சி. பாரெபாரிகளுக்கும் மாடு மேய்க்கும் ஃபுலானிகளுக்கும் நடுவே ஒரு கேலிமுறை உண்டு. யார் ஏற்படுத்தியது என்று கேட்டால் இருவருமே மற்றவன் தாத்தாவைக் கைகாட்டுவார்கள். பாரெபாரி ஃபுலானியைக் கண்டால் "என் அடிமையே" என்பான். ஃபுலானி "நான்டா உன் எஜமான்" என்பான். ஒருவன் தொப்பியை ஒருவன் பிடுங்கிக்கொண்டு ஓடலாம், ஒருவன் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவன் சட்டியோடு சோற்றைத் தூக்கிக்கொண்டு போகலாம். கோபப்படத்தான் கூடாது. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்குக் கால்தூசி பெறாது.

இதில் எட்கர் ஹாஸ்லம் என்ற வெள்ளைக்காரர் எப்படி மாட்டினார் என்பது டன்காவாவுக்கே உரிய நியாயம். அவர் கிறிஸ்தவ ஊழியம் செய்யக் கடல் கடந்து வந்தவர். வந்த புதிதில் ஊர் நீதிபதியான ஆல்காலி டிக்கோவின் தகப்பனார் தம் வளவிலேயே ஒரு வீட்டை ஒழித்துக் கொடுத்தார். ஆல்காலி குடும்பம் ஃபுலானிக் குடும்பம். அந்த வீட்டுப் பாலையும், அதில் கரைத்த கம்பு உருண்டையையும் குடித்து வளர்ந்தவன் வேறு யாராக இருக்க முடியும்? கிரேமா தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "இவன் ஃபுலானி. கொஞ்சம் வெளுத்துப்போன ஃபுலானி. அதனால எனக்கு அடிமை."

மறுநாளே அவருடைய வெயில் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையில் ஒரு கழுதையின் தலையில் கட்டிவிட்டான். ஹாஸ்லம் முகம் சிவக்க ஆல்காலியிடம் ஓடினார். ஆல்காலி சிரித்த சிரிப்பில் பாயில் புரண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஹாஸ்லம் வீட்டுக்குப் போனார். ஒரு வாரம் ஆளையே காணவில்லை. பயந்துவிட்டார் என்று கிரேமா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த வாரம் முழுக்க அவர் மாட்டுப்பட்டியில் ஃபுலானிக் கிழவர்களோடு உட்கார்ந்து திட்டக் கற்றுக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கூட்டம் கலைகிற நேரமாகப் பார்த்துச் சாயக்குழிக்கு வந்து நின்றார். கிரேமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் மூஞ்சியை எவன்டா உழுதான்? உழுதவன் விதை போட மறந்துட்டான் போல, ஒண்ணுமே முளைக்கலையே!"

ஊர் பேசுகிற ஹவுஸா மொழி, அதுவும் வடக்குப்பட்டி ஃபுலானிக் கிழவன் இழுக்கிற இழுவையோடு. சாயக்குழிக்காரர்கள் கழியைப் போட்டுவிட்டுச் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஹாஸ்லம் கிரேமாவுக்குச் சொந்தம்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஊரில் அவருக்கு வைத்த பெயர் மை குன்னே, காதுக்காரர். காது பெரிதுதான், ஆனால் பெயர் அதற்காக வைத்ததல்ல. கேட்கிற மனிதரை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இப்படிக் கேட்கிறவரை யாரும் பார்த்ததில்லை. கசாப்புக்காரர்களோடு விடியற்காலையில் போய் உட்கார்ந்து ஆட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் அவர்கள் சொல்லும் பெயரைக் கேட்பார். குருடர்களின் தலைவன் வீட்டு வாசலில் கிடந்து, பிச்சைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சைக் கேட்பார். பெண்கள் தானியம் குத்தும்போது சுவருக்கு இந்தப் பக்கம், அவர்கள் அனுமதி வாங்கி, முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பார். ஒரு சொல்லை வெவ்வேறு வாய்களில் கேட்காமல் தன் அகராதியில் சேர்க்க மாட்டார். தப்பாகச் சேர்த்தது தெரிந்தால், சொன்னவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்பார். ஒரு சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிற மனிதரை டன்காவா அதற்கு முன்பு கண்டதில்லை.

வந்த வேலை என்னவாயிற்று என்று ஆல்காலி டிக்கோவே ஒருமுறை கேலியாகக் கேட்டார், வேதத்தை விட்டுவிட்டு எங்கள் பேச்சில் விழுந்துவிட்டீரே என்று. கடவுள் உங்களோடு எந்தப் பேச்சில் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் நான் எப்படி அவருக்காகப் பேசுவது என்று ஹாஸ்லம் திருப்பிக் கேட்டார். மார்க்கத்தில் அணுவளவும் விட்டுக்கொடுக்காத ஆல்காலி அன்று முழுவதும் அந்தப் பதிலை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்லத்தோடு ஜெபத்துக்கு உட்கார்ந்தவர்களை ஒரே பாயில் அடக்கிவிடலாம். அவரை அனுப்பிய சபைக்கு அது வருத்தம். அவருக்கும் வருத்தம் இருந்திருக்கும். ஆனால் ஊரை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. தலை நரைத்துவிட்டது. அகராதி முடிய இன்னும் கிணறு வெட்டுகிறவர்களும் வேட்டைக்காரர்களும் பாக்கி இருந்தார்கள்.

அப்போதுதான் பிரெண்டிஸ் துரை வந்து சேர்ந்தான். சர்க்கார் புதிதாக அனுப்பிய அதிகாரி. இளவயது, இஸ்திரி போட்ட கால்சட்டை. ஹவுஸா பரீட்சையில் தேறியவன் என்று அவனே சொல்லிக்கொண்டான். முஸ்லிம் ஊர்களுக்குள் பாதிரிமார் இருப்பது சர்க்காருக்கு அப்போது பிடிக்காத விஷயம். ஜனங்களுக்கு இவர் தேவையா, தொந்தரவா என்று விசாரித்து முடிவெடுக்க வேண்டியது துரையின் பொறுப்பு. தொந்தரவு என்று எழுதினால் ஹாஸ்லம் மழைக்கு முன்பே கிளம்ப வேண்டும். திரும்பி வர வழியே கிடையாது.

ஆல்காலியின் முற்றத்தில் விசாரணை நடந்தது. ஊரே கூடிவிட்டது. இந்த மனிதர் மேல் யாருக்காவது புகார் உண்டா என்று துரை கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை. அவன் மறுபடி கேட்டான்.

இவ்வளவு பெரிய கூட்டம், இவ்வளவு அமைதி, நடுவில் ஹாஸ்லம் கைகட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்கிறார். கிரேமாவால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? அவன் நாக்கு அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது.

தனக்குப் புகார் இருக்கிறது என்றான். இவன் என் வீட்டிலிருந்து ஓடிப்போன அடிமை, இவன் தாத்தாவை என் தாத்தா ஒரு நொண்டிக் கோழியைக் கொடுத்து வாங்கினார், கோழிக்கே நஷ்டம். திருடன், என் துணியெல்லாம் திருடினான். தீனிப்பண்டாரம், என் பெண்டாட்டி கிண்டிய சோளக்களியைச் சட்டியோடு விழுங்கினான். இவனைக் கட்டிக்கொண்டு போங்கள், கோழியை மட்டும் திருப்பித் தாருங்கள். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஹாஸ்லம் என்ன செய்வார்? இத்தனை வருஷப் பழக்கம். யோசிக்காமல் வாய் பதில் சொல்லிவிட்டது: "பொய் சொல்றான். இவன்தான் என் அடிமை. ஓடிப்போறானேன்னு மூஞ்சியில கோடு போட்டு வச்சிருக்கோம், பாருங்க."

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அதற்குள் துரையின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. அது எழுதும் வேகத்தைப் பார்த்து முதலில் ஆல்காலி சிரிப்பை நிறுத்தினார். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

அடிமை வைத்திருப்பது பெருங்குற்றம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த காலம் அது. துரை எழுதியதை நிதானமாகப் படித்துக் காட்டினான். திருட்டு, அடுத்தவர் வீட்டில் புகுந்து உண்டது, எல்லாவற்றுக்கும் மேலாக, தான் ஓர் அடிமையை வைத்திருப்பதாகப் பாதிரியார் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டது. ஜனங்கள் அவரைப் பார்த்து எள்ளி நகைத்ததையும் சேர்த்திருந்தான். ஒரு சொல் விடாமல் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. பரீட்சையில் தேறியவன் அல்லவா?

ஹாஸ்லம் ஆங்கிலத்தில் விளக்கினார். குற்றம் சாட்டப்பட்டவர் வேறென்ன சொல்வார் என்று துரை கேட்டான். ஆல்காலி விளக்கினார். உங்கள் வீட்டு விருந்தாளிக்கு நீங்கள் பரிந்து பேசாமல் இருப்பீர்களா என்றான். நாளை அந்தச் சாயக்காரன் குர்ஆன் மேல் கைவைத்து உண்மையைச் சொல்லட்டும், இந்த மனிதரால் அவனுக்கு நன்மையா தீமையா என்று அவன் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன், அதன்பின் முடிவு என்று எழுந்துவிட்டான்.

கிரேமா குழிக்குத் திரும்பினான். கழியை எடுத்தான், கலக்கவில்லை. மனைவி அசபே சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை; அந்த வீட்டில் பேச்சுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது.

"நாளைக்கு நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு வா. அவ்வளவுதானே?"

"உனக்குப் புரியலை. அவனை நான் எப்படிப் புகழ்றது? கேலிமுறைக்காரனைப் போய் நேருக்கு நேர் புகழ்ந்தா, அந்த முறையே அத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"அப்ப அவரை வண்டி ஏத்திட்டு, இங்க உக்காந்து காத்தோட கேலி பேசிக்கிட்டு இரு," என்று அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஹாஸ்லமே வந்தார். குழி விளிம்பில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் திட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்துக் குழிக்காரன் யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தான். ஹாஸ்லம், அந்த ஊரில் வெற்றிலைபாக்குப்போல மெல்லும் கோலாக்கொட்டை ஒன்றைப் பிளந்து பாதியை நீட்டினார். கிரேமா அதை வாங்கிக்கொண்டான். அதையும் பிடுங்கவில்லை.

"கிரேமா, நாளைக்கு விளையாட்டுக்குச் சொன்னேன்னு மட்டும் சொல்லு, போதும். என்னைப் புகழ்ந்துடாதே."

"அது போதாதுடா அந்த ஆளுக்கு. நல்லவனா கெட்டவனான்னு கேக்கறானே."

"போதலைன்னா போறேன். நான் வந்தப்ப ஊரே என்கிட்ட மரியாதையாத்தான் பேசிச்சு. ஒருத்தன் கூட என்னைத் திட்டலை. அப்ப இங்க நான் பட்ட தனிமை எனக்குத்தான் தெரியும். நீ தொப்பியைத் திருடினே பாரு, அன்னிக்குத்தான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். மறுபடி என்னை வெள்ளைக்காரனா ஆக்கிடாதே."

அவர் போன பிறகு, கிரேமா கொட்டையை மென்றபடி இருட்டும் வரை குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். பயமாக இருந்தது. புகழ்ந்தால் அவனை இழக்க வேண்டும், புகழாவிட்டாலும் இழக்க வேண்டும். இதற்குப் பதிலாகத் துரை தன்னைக் கட்டிவைத்து அடித்தால் தேவலை என்று தோன்றியது.

மறுநாள் அதே முற்றத்தில் ஊர் கூடியது. கிரேமா கைகால் கழுவி, தோலுறை போட்ட குர்ஆன் மேல் கைவைத்தான். எவ்வளவு தேய்த்தும் நீலம் போகாத கை. நேற்றுச் சொன்னதெல்லாம் விளையாட்டு, இங்கே யாரும் யாருக்கும் அடிமை இல்லை என்றான். அதை எழுதிக்கொண்ட துரை, அப்படியானால் உண்மையைச் சொல், இந்த மனிதர் உனக்கு என்ன நன்மை செய்தார் என்று கேட்டான்.

கிரேமா ஹாஸ்லத்தைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"துரை, எங்கப்பா பேரு கோலோ. இந்த ஊர்ல பெரிய சாயக்காரர். எனக்கு மூத்த பொண்ணு பொறந்த வருஷம் செத்துப்போனார். முகம் ஞாபகம் இருக்கு. ஆனா குரல் கொஞ்சம் கொஞ்சமா மறந்து, ஒருநாள் சுத்தமா போயிடுச்சு. எவ்வளவு யோசிச்சும் வரலை. பெத்த அப்பன் குரல் மறந்துபோச்சுன்னு யார்கிட்டச் சொல்றது?"

துரையின் பேனா நின்றது.

"அதோ இருக்காரே, அவர் எங்கப்பாகிட்ட ரொம்ப நாள் வந்து உக்காந்தவர். அதனால ஒருநாள் சும்மா கேக்கற மாதிரி, சாயம் பதமாயிடுச்சுன்னா எங்கப்பா எப்படிச் சொல்வார்னு கேட்டேன். அவர் சொல்லிக் காட்டினார். எங்கப்பா வார்த்தையில, எங்கப்பா குரல்ல. இழுக்கற இடத்துல இழுத்து, இருமற இடத்துல இருமி. நான் மரத்துக்குப் பின்னாடி போய் அழுதேன். அவருக்கே தெரியாது. மறுபடி கேக்க வாய் வரலை. இந்த ஊர்ல செத்தவங்க எத்தனை பேர் அவர் காதுக்குள்ள இருக்காங்களோ! அவரை அனுப்பினா அவங்களையும் சேர்த்துத்தான் அனுப்பறீங்க."

மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொல்லி முடித்தான்.

"அவர் நல்லவர். நான் பார்த்ததுலயே நல்லவர். எங்க மரியாதைக்கு உரிய பெரியவர்."

ஹாஸ்லத்தை "அவர்" என்று கிரேமா சொல்லி யாரும் கேட்டதில்லை. சாயக்குழிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். கிரேமா போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, சால்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான். வேலை முடிந்தது, முறையும் முடிந்தது என்று அவன் தோள் இரண்டும் சொல்லின.

துரை முந்தின நாள் எழுதிய பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தான். அவர் இங்கேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, நேற்றைவிடத் தணிந்த குரலில், மிஸ்டர் ஹாஸ்லம் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டான்.

ஹாஸ்லம் எழுந்தார். நன்றி சொல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அதுதான் முறை, அதுதான் மரியாதை. அவர் துரையைப் பார்க்கவில்லை, ஆல்காலியைப் பார்க்கவில்லை. மூடிய சால்வையைப் பார்த்தார். கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தார். பிறகு இருமினார், அடித்தொண்டையிலிருந்து, ஒரு கிழவனின் இருமல். முன்வரிசையில் இருந்த கிழவர்கள் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

"எலேய் கிரேமா... சோம்பேறிப் பயலே... அங்க குழி புளிச்சுப் போவுது, இங்க பெரிய மனுசனாட்டம் உக்காந்து ஊர்க்கதை பேசுறியா? எந்திரி. போய்க் கழியை எடு."

ஊரை விட்டுப் போய் எத்தனையோ வருஷமான குரல். ஆல்காலி வாயைப் பொத்திக்கொண்டார். சால்வை விலகியது. கிரேமா எழுந்து நின்றுவிட்டான், தான் எழுந்ததே தெரியாமல்.

"வரேம்ப்பா," என்றான்.

பிறகு யாரோ ஒரு கிழவர் சிரிக்கத் தொடங்கினார், கண்ணீரோடு. ஊர் முழுக்கச் சேர்ந்துகொண்டது. துரை குழம்பிப்போய், இப்போது என்ன நடக்கிறது என்று ஆல்காலியிடம் கேட்டான். சாட்சி சொன்னவனுக்குத் திட்டு விழுகிறது என்று ஆல்காலி சொன்னார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

கிரேமா நீலக் கையால் முகத்தைத் துடைத்தான். வாய் கோணியது, நடுங்கியது, பிறகு தன் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. விரலை ஹாஸ்லத்தின் பக்கம் நீட்டினான்.

"பாத்தீங்களா துரை? எங்கப்பன் குரலையே திருடி வச்சிருக்கான், இந்த மாட்டுக்காரப் பய. எழுதுங்க, இதையும் எழுதிக்குங்க."

துரை பேனாவை எடுக்கவில்லை.